எழுதாமல் கொடுத்த பத்தொன்பது புத்தகங்கள்

ஐப்பசி மாதத்தில் மேகம் விலகிக் கை அகலம் வெயில் விழுந்தாலும் போதும், கண்ணாயி தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். கல்லூரி நூலகத்தின் முன்னால் இருக்கும் சிமெண்டுத் தளத்தில் அதை விரித்து, ஈரம் ஏறிய புத்தகங்களை வரிசையாக மல்லாத்தி வைப்பாள். மிளகு காயப் போட்டவர்கள் காலால் கிளறிவிடுவார்கள். இவள் குனிந்து குனிந்து கையால் பக்கங்களைப் புரட்டிவிடுவாள். அவசரத்தில் எந்தப் பிள்ளையாவது தாண்டிப் போனால் அன்றைக்கு அதற்குக் கிடைத்தது.

"ஏஞ்சாமி, உங்க ஊட்டுக் களத்துல சாமை காஞ்சா இப்படித்தான் தாண்டுவியா? சுத்திப் போ கண்ணு, காலு தேஞ்சிராது."

காய்ந்ததா இல்லையா என்பதை அவள் தொட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. விரித்த புத்தகத்துக்குள் மூக்கை நுழைத்து ஒரு முறை இழுப்பாள். சில சமயம் முகத்தைச் சுளித்து மறுபடியும் வெயிலில் வைப்பாள். "இதுக்கு இன்னும் சளி கட்டியிருக்குது. நாளைக்கும் கெடக்கட்டும்."

இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். அவள் பிறந்தது திண்ணனூர் நாடு. வாழ்க்கைப்பட்டது வாழவந்தி நாட்டில், அர்த்தனாரிக்கு. அர்த்தனாரியின் அம்மாவும் கண்ணாயியின் அப்பனும் ஒரு பாட்டன் வழிப் பேரப்பிள்ளைகள் என்பதால் பெண் பார்க்கும் சடங்கெல்லாம் பெரிதாக நடக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பதினான்கு வருஷமாக இந்த நூலகத்தில் தொகுப்பூதிய வேலை. கூட்டுவது, துடைப்பது, எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்ததை அடுக்குவது எல்லாம் அவள்தான். தமிழை நன்றாகப் படிப்பாள். இங்கிலீஷில் எண்களும் அட்டைப் படமும் போதும் என்பாள்.

புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண் வரிசையை அவள் ஒருநாளும் கலைத்ததில்லை. ஆனால் அவள் மனசுக்குள் இருக்கிற வரிசை வேறு. "மண்ணு புஸ்தகமும் மொளகு புஸ்தகமும் பங்காளிங்க. ஒண்ணக் கேக்கறவங்க மறுநாளு இன்னொண்ணையும் கேப்பாங்க. ஆட்டு வைத்தியம் இருக்குதே, அது சம்பந்தி மாதிரி. பொங்கலு தீவாளி நோம்பிக்குத்தான் வரும், வந்தா மரியாதை பண்ணோணும்" என்பாள். புதுப் புத்தகம் ஒன்று வந்தால் எண் ஒட்டுவதற்கு முன்பே அது எந்த வகையறா, யாருக்குச் சொந்தம் என்று தீர்மானித்திருப்பாள்.

நூலகர் பிரபாவதி அடிவாரத்துக்காரி. தினமும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பஸ்ஸில் கடந்து மேலே வருகிறவள். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இவள் வருவதற்கு முன் நூலகத்தில் எது இருக்கலாம், எது கூடாது என்று ஒரு வரைமுறையும் இருந்ததில்லை. கீழே யாரோ வீட்டைக் காலி செய்தால் லாரியில் ஏற்றி மலைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படித்தான் நாற்பது வருஷத்துக்கு முந்தைய வரிச் சட்டம் ஒரு அலமாரி நிறைய வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொரு பக்கம் புதிதாக மூன்று பாடப்பிரிவு தொடங்கியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் புத்தகங்கள் பிரிக்கக்கூட இடமில்லாமல் பெட்டிகளில் கிடந்தன.

பிரபாவதி ஆறு மாதம் உட்கார்ந்து நான்கு பக்கத்தில் ஒரு சேகரிப்புக் கொள்கை எழுதினாள். நல்ல மனசோடு எழுதியதுதான். நன்கொடையைப் பார்த்து வாங்க வேண்டும். கிழிந்ததையும் கிறுக்கியதையும் கழிக்க வேண்டும். ஐந்து வருஷமாகக் கடைசிப் பக்கத்துச் சீட்டில் தேதி முத்திரை விழாத புத்தகத்தை எடுத்துவிட வேண்டும். எந்தப் பொருளில் அதிகம் முத்திரை விழுகிறதோ, அந்தப் பொருளில்தான் அடுத்த வருஷம் புத்தகம் வாங்க வேண்டும்.

படித்துக் காட்டியபோது கண்ணாயிக்கும் சந்தோஷம்தான். "அந்த வரிச் சட்டத்த மொதல்ல எடுங்க மேடம். பத்து வருசமா வெயிலு காட்டறேன், ஒருத்தரு வந்து எட்டிப் பாக்கல."

ஒரு திங்கட்கிழமை கழிக்கவேண்டிய புத்தகங்களின் பட்டியல் தயாரானது. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. பிரபாவதி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகச் சரிபார்த்தாள். மதியத்துக்குள் முடிந்தது. பட்டியலில் இருந்த பத்தொன்பது புத்தகங்கள் அலமாரியில் இல்லை. மிளகு, ஆடு, மண், தேனீ, மூலிகை, காட்டு நிலத்துப் பட்டா பற்றிய சட்டம் ஒன்று.

"கண்ணாயிக்கா, இந்தப் பத்தொம்போதும் எங்கீங்க?"

"ஊட்டுல இருக்குதுங்க மேடம்."

"யாரு ஊட்டுல?"

"ஒரு ஊடா ரெண்டு ஊடா? குண்டூர் நாட்டுல ஏழு, திண்ணனூர் நாட்டுல அஞ்சு, மிச்சம் இங்க நம்ம பக்கம்."

பிரபாவதி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நம்ம பசங்க எடுத்துட்டுப் போனதா?"

"பசங்க எங்கீங்க எடுக்கறாங்க? காடு கழனி பண்றவங்கதான் வந்து கேப்பாங்க. இன்னைக்கு நேத்தாங்க, பதினாலு வருசமாப் போயிட்டு வந்துட்டுத்தான் இருக்குது."

"ரிஜிஸ்டருல எழுதலீங்களா?"

"இல்லீங்க."

"ஏனுங்க்கா? ரிஜிஸ்டரு இருக்குது, முத்திரை இருக்குது, பேனா இருக்குது."

கண்ணாயி கையிலிருந்த துணியால் மேசை ஓரத்தைத் துடைத்தாள். அழுக்கு ஒன்றும் இல்லை. "மொகத்துக்கு நேரா வச்சுட்டு எப்படீங்க எழுதறது?"

இதைப் பிரபாவதிக்கு விளக்குவது சுலபமில்லை. கண்ணாயியின் அப்பன் வீட்டில் விதை எப்போதும் மிச்சம் இருக்கும். மழை பெய்த மறுநாள் சாமை விதை கேட்டு ஆட்கள் வருவார்கள். அப்பன் வள்ளத்தால் அளந்து துண்டில் கொட்டுவார். எத்தனை வள்ளம் என்று சுவரில் ஒரு கோடுகூடப் போடமாட்டார். கோடு போட்டால், நீ திருப்பித் தராத ஆள் என்று எதிரில் நிற்கிறவனிடமே சொன்னதாக ஆகிவிடும். திருப்பிக் கேட்பது அதைவிட மோசம். வெள்ளாமை வந்தால் தானாக வரும். வரவில்லை என்றால், அந்த வீட்டில் என்ன கஷ்டமோ என்றுதான் நினைக்க வேண்டும், போய் வாசலில் நிற்கக் கூடாது. அந்த வீட்டில் வளர்ந்தவள் கண்ணாயி. கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால் பேர் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள், அது வேலை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் வந்து மிளகுக் கொடி வாடுகிறது என்று நின்றால், அது விதை கேட்டு வந்த மாதிரி.

பிரபாவதி பட்டியலில் அந்தப் பத்தொன்பதையும் சுழித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு பண்ணலாமுங்க்கா. எப்படியும் இதெல்லாம் கழிக்கற லிஸ்ட்லதான் இருக்குது. மத்ததோட சேத்துக் கழிச்சாச்சுன்னு எழுதிடறேன். யாரும் எண்ணிப் பாக்க மாட்டாங்க. உங்களுக்கு ஒரு சிக்கலும் வராது."

"கழிச்சாச்சுன்னாங்க?"

"ஆமாங்க. இனிமே இல்லைன்னு."

"உசுரோட இருக்கறத எப்படீங்க செத்துப்போச்சுன்னு எழுதறது?"

"வேற வழியில்லீங்க்கா. முத்திரை விழாத புஸ்தகம் யாருக்கும் வேண்டாத புஸ்தகம்னுதான் கொள்கை. நானே எழுதுனதுதானுங்க. அடுத்த வருசம் மொளகுக்கும் ஆட்டுக்கும் ஒரு புஸ்தகம்கூட வாங்க முடியாது. படிக்கறதுக்கு ஆளில்லைன்னு ஆயிப்போச்சு."

கண்ணாயி துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். "அப்ப நான் எழுதாததுனாலதான் அதுகளுக்கு ஆளில்லாமப் போச்சுங்களா?"

பிரபாவதி பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள். "வெள்ளிக்கிழமை லைப்ரரி கமிட்டி உக்காருது. அதுக்குள்ள புஸ்தகத்தக் கண்ணுல காட்டுனா நான் பேசிப் பாக்கறேன். ஆனா வெளியாளுங்களுக்குக் குடுத்தது நீங்கதான்னு தெரிஞ்சு போகும். நிரந்தர வேலை இல்லீங்க உங்களுது. நல்லா யோசிச்சுக்கோங்க" என்றாள்.

"எழுதிக்கோங்க மேடம்" என்றாள் கண்ணாயி. எதை என்று பிரபாவதி கேட்பதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "ஆட்டுப் புஸ்தகம் எங்க மாதம்மா அக்கா கிட்ட. மொளகு வாடல் புஸ்தகம் குண்டூர் நாட்டு வேல்முருகன் எடுத்தாரு. அவரு தங்கச்சி ஊட்டுக்காரரு கேட்டு வாங்கிட்டாரு. அவருகிட்ட இருந்து அவரு பெரியப்பன் மகன். கொடி நட்டு முடிச்சு, போன தை மாசம் மறுபடியும் வேல்முருகன் கிட்டயே வந்துருச்சு. தேனீ புஸ்தகம் அந்தப் பெரியப்பன் மகனோட மச்சினன் ஊட்டுல..." பத்தொன்பதுக்கும் இப்படியே போனது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பிரபாவதியின் மேசைக் கணினியில் இந்த விவரத்துக்கெல்லாம் கட்டம் இல்லை. பிரபாவதி ஒரு வெள்ளைத் தாளில் கிளை கிளையாகக் கோடு போட்டு எழுதிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கண்ணாயி விடுப்புச் சொல்லிவிட்டுத் திண்ணனூர் நாட்டுக்குப் பஸ் ஏறினாள். மாதம்மாள் பெரியப்பன் மகள். பார்த்ததுமே, "ஏண்டி, வேல நாள்ல வந்து நிக்கற? அர்த்தனாரி துரத்தி உட்டுட்டானா?" என்றாள்.

"அவரு துரத்துவாரு, நான் போயிருவேன் பாரு."

ஆட்டுப் புத்தகம் பிளாஸ்டிக் பையில் சுற்றி அடுப்புக்கு மேலே விட்டத்தில் தொங்கியது. புகை பட்டால் பூச்சி வராது. மாதம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. குட்டிக்கு வயிறு உப்பினால் மருமகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வாள். கண்ணாயி வந்ததிலிருந்து அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு வந்தது, தின்றாள். காபி வந்தது, குடித்தாள். ஆடு எத்தனை, குட்டி எத்தனை என்று கேட்டாள். மழையைப் பற்றிப் பேசினாள். புத்தகத்தை மட்டும் கேட்கவில்லை.

"எதுக்குடி வந்த, சொல்லு" என்றாள் மாதம்மாள்.

"சும்மாதான். உன்னையப் பாத்து நாளாச்சேன்னு."

வெறுங்கையோடு திரும்பினாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் இடம் மாறி உட்காரும் அளவுக்குத் தன்னைத்தானே திட்டிக்கொண்டே வந்தாள்.

புதன்கிழமை காலையில் குண்டூர் நாடு. வேல்முருகன் அர்த்தனாரியின் சித்தப்பன் மகன். கொழுந்தன் முறை என்பதால் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்று கூப்பிட்டுக் கேலி செய்வதற்கு அவனுக்கு முழு உரிமை உண்டு. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்திக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தவன் மேலேயிருந்தே குரல் கொடுத்தான்.

"வாங்க நங்கை! ஊட்டுல சீரு கேட்டு வந்த சம்பந்தி மாதிரி மொகத்த இப்படித் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"எறங்கி வாங்க, ஒரு பேச்சு."

இறங்கி வந்தான். கண்ணாயி ஏணியின் படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில், "அந்த மொளகு வாடல் புஸ்தகத்த எனக்கு அஞ்சு நாளைக்குக் கடன் குடுங்க. திங்கக்கிழமை திருப்பித் தந்தர்றேன்" என்றாள்.

வேல்முருகன் வாய்விட்டுச் சிரித்தான். "உங்க காலேஜு புஸ்தகத்த எங்கிட்டயே கடன் கேக்கறீங்களா? புஸ்தகத்துக்கு வெயிலு காட்டறேன்னு நீங்க மண்டையக் காய வெச்சுக்கிட்டீங்களா நங்கை?"

அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் பாதியில் நின்றது. அவனும் இந்த மலைக்காரன்தானே. கேட்க முடியாததை இவள் எந்த வழியாகச் சுற்றிக் கேட்கிறாள் என்பது புரிந்துவிட்டது. வாளித் தண்ணீரில் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினான்.

"திங்கக்கிழமை வரலீன்னாலும் நான் வந்து கேக்க மாட்டேனுங்க நங்கை" என்றான்.

"தெரியுமுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு கால் நிற்கவில்லை. மதியமே மறுபடியும் மாதம்மாள் வீட்டில் நின்றாள். "அக்கா, அந்த ஆட்டுப் புஸ்தகத்த எனக்கு அஞ்சு நாளைக்குக் குடு." மாதம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். "ஆடு வாங்கிட்டியா? நேத்தே சொல்லக்கூடாதா? வெக்கப்பட்டுட்டுப் போயிட்டியாக்கும்." ஆமாம் என்று கண்ணாயி தலையாட்டினாள். வியாழன் இரவுக்குள் அந்த மூன்று நாட்டிலும் கண்ணாயி ஆடு வாங்குவதாகவும், தேனீ வளர்ப்பதாகவும், பட்டா வழக்குப் போடுவதாகவும் பேச்சுப் பரவியது. அர்த்தனாரியிடம் ஒருவர் மூலிகைத் தோட்டம் எந்த இடத்தில் என்றுகூடக் கேட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் சிமெண்டுச் சாக்குக்குள் பதினெட்டுப் புத்தகங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று மட்டும் திருப்பூருக்கு வேலைக்குப் போன ஒரு பையனின் பெட்டிக்குள் போய்விட்டது. வந்த பதினெட்டில் ஒன்றின் முன்னட்டையும் முதல் அறுபது பக்கமும் இல்லை. ஆடு தின்றுவிட்டது. ஆட்டைப் பற்றிய புத்தகம் அல்ல, தேனீயைப் பற்றியது.

கமிட்டி முதல்வர் அறையில் உட்கார்ந்தது. பிரபாவதி புத்தகங்களை மேசைமேல் பரப்பினாள். கண்ணாயி கதவோரம் நின்றாள். தாவரவியல் பேராசிரியர் கவியரசன் மிளகுப் புத்தகத்தைத் திறந்தார். ஓரமெல்லாம் பென்சில். எந்த மாதம் எத்தனை கொடி வாடியது, எந்த மேட்டில் வேப்பம் புண்ணாக்கு வைத்ததில் எத்தனை பிழைத்தது, எந்த ஓடைப் பக்கம் ஒன்றும் பிழைக்கவில்லை என்று மூன்று பேருடைய கையெழுத்து.

"கிறுக்கின புத்தகத்தைக் கழிக்கணும்னு கொள்கையில இருக்கே" என்றார் ஒருவர்.

"இருக்கு சார்" என்றாள் பிரபாவதி. தான் எழுதிய வரிதான் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

கவியரசன் தலையைத் தூக்காமலே பக்கத்தைத் திருப்பினார். "இதக் கழிச்சா நான் வெளிய போயிப் பொறுக்கிக்குவேன்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "பதினெட்டும் வெளியே இருந்திருக்கு. ஒரு பதிவும் இல்லை. யாரும்மா கொடுத்தது?"

பிரபாவதி வாயெடுப்பதற்குள் கதவோரத்திலிருந்து பதில் வந்துவிட்டது. "நாந்தானுங்க சார். இவுங்க வர்றதுக்கு முன்னாடி இருந்தே நாந்தானுங்க."

எழுதாமல் கொடுத்ததற்காகக் கண்ணாயிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். பதினான்கு வருஷத்தில் முதல் கடிதம். கீழே கையெழுத்துப் போட்டு வாங்கி நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். வேலை போகவில்லை. ஆடு தின்றதைத் தவிர மற்றப் பதினேழும் நூலகத்திலேயே இருக்கலாம் என்று முடிவானது. பிரபாவதியின் நான்கு பக்கத்தில் ஒரு வரி கூடியது: மலையில் குடியிருப்பவர்கள் பெயர், ஊர், கையெழுத்து கொடுத்துப் புத்தகம் எடுத்துச் செல்லலாம். அந்த முத்திரையும் கணக்கில் சேரும்.

மற்ற ஐநூற்றுத் தொண்ணூற்று மூன்றையும் சனிக்கிழமை லாரியில் ஏற்றினார்கள். வரிச் சட்டம் போனதில் கண்ணாயிக்கு வருத்தமில்லை. கட்டுக் கட்டாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே வந்தவள் நடுவில் ஒரு கட்டோடு நின்றாள். "மேடம், இதுல நின்ன வாக்குலயே படிச்சுட்டு வெச்சுட்டுப் போனது எத்தனை இருக்குமோ, அது நமக்கெப்படித் தெரியுமுங்க?" பிரபாவதி அந்தக் கட்டை வாங்கித் தானே லாரியில் வைத்தாள். காலியான அலமாரிகளில் அன்று மாலையே பெட்டிகளைப் பிரித்தார்கள். புதுப் பாடப்பிரிவுப் பிள்ளைகள் வந்து மொய்த்தார்கள்.

திங்கட்கிழமை வந்தது. வாங்கி வந்த வீடுகளுக்கெல்லாம் சொன்ன சொல் பாக்கி இருந்தது. கண்ணாயி மாலையில் முதலில் குண்டூர் நாட்டுக்குப் போவதாக இருந்தாள். அதற்கு முன் பதினோரு மணிக்கே வேல்முருகன் நூலகத்துக்குள் வந்து நின்றான். செருப்பை வெளியே விட்டிருந்தான்.

"நங்கை, இங்க செம்மேட்டுக்கு உரம் வாங்க வந்தனுங்க. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னு நானே எட்டிப் பாத்தேன்" என்றான். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கண்ணாயி அலமாரிக்குப் போய் மிளகு வாடல் புத்தகத்தை எடுத்துவந்தாள். மேசைமேல் வைத்தாள். உள்ளேயிருந்து பிரபாவதி பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப் பதிவேடு திறந்து கிடந்தது. முதல் பக்கம், முதல் வரி. கண்ணாயி பேனாவை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள். வேல்முருகன் என்று அவளே எழுதிவிடலாம், நொடியில் ஆகிவிடும். எழுத வரவில்லை.

வேல்முருகன் பதிவேட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "என்னங்க நங்கை, என்னைய நம்பறதில்லையா இப்ப?" என்றான். கேலிதான். ஆனால் முழுக்கக் கேலி இல்லை.

கண்ணாயி பதிவேட்டை அவன் பக்கமாகத் திருப்பினாள். பேனாவை அந்த வரியின்மேல் வைத்தாள். பந்தியில் சாப்பிடுகிறவர் இலையைப் பார்க்கக் கூடாது என்று விலகிக்கொள்வதைப் போல, அவன் எழுதி முடிக்கும்வரை சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.